மாவிளக்குப் போகாத புதன்கிழமை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறந்தது பையன். இதை யாரிடம் சொல்லத் தொடங்கினாலும் பாதியிலேயே குறுக்கே விழுந்து, "பொண்ணுங்களா?" என்று கேட்டுவிடுகிறார்கள். கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. ஸ்கேன் வந்த புதிதில் எங்கள் பக்கம் என்னவெல்லாம் நடந்தது என்று எனக்கும் தெரியும். ஆனால் என் கதை அதில்லை. பையன். வரட்டும் வரட்டும் என்று எல்லோரும் காத்திருந்த முதல் பேரன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கோபிக்குப் பக்கத்தில் வாழைத்தோட்டத்துக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் வளர்ந்த என்னை, பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருந்தவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். பம்புக்கு வேண்டிய சாமான்களைக் கடைந்து கொடுப்பது அவர் தொழில். வீட்டில் நாங்கள் இரண்டு பேர், மாமியார். மாமனார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். பட்டறை வீட்டுக்குப் பின்னாலேயே இருந்ததால் இரும்பு கடையும் சத்தம் காலையிலிருந்து பொழுதோட வரைக்கும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

மாமியாரைப் பற்றி யாரைக் கேட்டாலும் நல்லபடியாகத்தான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன். என்னை 'கண்ணு' என்று கூப்பிடுவார், கோபம் வந்தால் 'அம்மணி'. நான் மாசமாக இருந்தபோது வாய்க்கு எது பிடிக்கிறதோ அதைத்தான் அன்றைக்கு ஆக்குவார். கொடுமைக்கார மாமியாராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. "ச்சீ, போ" என்று விட்டிருப்பேன்.

ஐந்தாம் மாதம் கோயமுத்தூரில் ஸ்கேன் எடுத்தோம். டாக்டரம்மா படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம் என் வீட்டுக்காரரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். குழந்தைக்கு முதுகெலும்பு மூடவில்லை. தலையில் தண்ணீர் கோத்திருக்கிறது. வேண்டாம் என்றால் இப்போதே கலைத்துவிடலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது, தள்ளிப் போட்டால் முடியாது. வைத்துக்கொண்டால் பிறந்ததும் ஆபரேஷன் செய்ய வேண்டும். பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். பிழைத்தாலும் நடப்பது சிரமம்.

"யோசிச்சுச் சொல்லுங்க" என்றார், அவரிடம். வயிறு என்னிடம் இருந்தது, பதிலை அவரிடம் கேட்டார். அந்த விஷயத்தில் பொம்பளையுடைய சம்மதம் ஒன்றே போதும் என்று சட்டம் சொல்கிறது என்பதை நான் பல வருசம் கழித்துத்தான் படித்தேன். அன்றைக்கு அந்த அறையில் அதை யாரும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது துடியலூரில் ஒரு பேக்கரி முன்னால் வண்டியை நிறுத்தினார். டீ வாங்கிக் கொடுத்தார். நான் குடிக்கவில்லை. டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னேன்.

"ஏனுங்க, கலைச்சிறலாங்க. அது பொறந்து சீரழியறதை என்னால பார்க்க முடியாதுங்க."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பட்டறைக் கை, எண்ணெய் வாசனை. "நீ சொல்றதுதான். சொமக்கறவ நீதானே" என்றார். நடுரோட்டில் கையைப் பிடிக்கிற ஆள் இல்லை அவர். அதனாலேயே அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

வீட்டில் மாமியாரிடம் சொன்னோம். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அழுது முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "வவுத்துல இருக்கறதும் உசுருதான் கண்ணு. அதைக் கலைக்கற பாவத்தை நம்மூட்டுல செய்யக்கூடாது. எதுக்கும் சாமியக் கேட்டுப்போடலாம்."

சாமியைக் கேட்பது என்றால் பூ வாக்குக் கேட்பது. எங்கள் பக்கம் கல்யாணம் முதல் கிணறு வெட்டுவது வரை அதுதான். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டும் வெளியே பார்த்தால் ஒரே மாதிரி. குலதெய்வம் மாரியம்மன் முன்னால் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் குழந்தையை வைத்துக்கொள்வது, சிவப்பு வந்தால் கலைப்பது என்று மாமியார் வேண்டிக்கொண்டார். வெள்ளைதான் வந்தது. கோயில் வாசலில் வேப்பமரத்தடியில் நான் உட்கார்ந்துவிட்டேன். 

அப்போது என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து குத்தவைத்து உட்கார்ந்தார். "சாமி சொல்லிருச்சு. இனி வெசனப்படாதே. எப்புடிப் பொறந்தாலும் நம்ம கொழந்தை. ஆப்ரேசன் பண்ணிப்போடலாம். நடக்காட்டிப் போவுது, நான் தூக்கிட்டுப் போறேன்" என்றார்.

நான் நம்பினேன். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் நம்பினேன்!

நம்பியதால் என் மனசை நானே மாற்றிக்கொண்டேன். அது சுலபமாக நடக்கவில்லை. வேண்டாம் என்று முடிவு செய்த ஒன்றை வேண்டும் என்று திருப்புவதற்கு உள்ளுக்குள் பெரிய சண்டை போட வேண்டியிருந்தது. போட்டேன். அடுத்த முறை போனபோது டாக்டரம்மாவை விடாமல் கேள்வி கேட்டேன். ஆபரேஷன் எங்கே செய்வார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள், எப்படிப் படுக்க வைக்க வேண்டும், எப்படித் தூக்க வேண்டும். குப்புறப் படுக்க வைக்க வேண்டும், முதுகில் எதுவும் உரசக்கூடாது என்றார். வீட்டுக்கு வந்து பழைய மல்வேட்டியைக் கிழித்து, முதுகுப் பக்கம் முழுக்கத் திறந்து, முன்னால் நாடா வைத்து முடிகிற மாதிரிச் சட்டைகள் தைத்தேன். அதற்குப் படம் எதுவும் கிடையாது. நானாக யோசித்துத் தைத்தது. மாமியார் அதை விரித்துப் பார்த்துவிட்டு, "கெட்டிக்காரி கண்ணு நீ" என்றார்.

பங்குனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வலி எடுத்தது. தலை பெரிதாக இருந்ததால் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். மயக்க மருந்து கொடுத்தார்கள். கண் விழித்தபோது மாடியில் ஒரு அறையில் கிடந்தேன். கோபியிலிருந்து வந்திருந்த என் அம்மா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன கொழந்தை?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவர்தான் சொன்னார். "பையன். வவுத்துலயே போயிட்டானாம்."

"காட்டுங்க."

"எடுத்துட்டுப் போயாச்சு. நீ பார்க்க வேண்டாம். பார்த்தா மறக்காது."

நான் கத்தினேனாம். தையல் பிரிந்துவிடும் என்று நர்சு வந்து ஊசி போட்டாளாம். அது எதுவும் எனக்கு நினைவில்லை. மறுநாள் டாக்டரம்மா வந்தார். புண்ணைப் பார்த்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. "அடுத்ததுக்கு நல்லாப் பார்த்துக்கலாம்மா" என்றார். என் வீட்டுக்காரர் அடிக்கடி கீழே போய்விட்டு வந்தார். சிகரெட் பிடிக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். மாமியார் மேலே வரவே இல்லை. முட்டி வலியில் மாடிப்படி ஏற முடியவில்லை, கீழேயே இருக்கிறார் என்றாள் அம்மா.

செவ்வாய்க்கிழமை காலையில் எனக்குப் பால் கட்டிக்கொண்டது. கல் மாதிரி இறுகி, கையை அசைக்க முடியவில்லை, காய்ச்சல் வேறு. அம்மா பூ மார்க்கெட்டிலிருந்து மல்லிகைப்பூ வாங்கிவரச் சொல்லி, அதை மாரில் வைத்து வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டினாள். பால் வற்றுவதற்கு எங்கள் பக்கம் செய்வது அது. கட்டும்போது அவள் கண்ணீர் என் தோளில் சொட்டியது. பெற்றவளாயிற்றே, என் பிள்ளை போனதற்கு அழுகிறாள் என்று நினைத்து நான்தான் அவளைத் தேற்றினேன். "அழுவாதே அம்மா. போனது போச்சு" என்றேன். அன்றைக்குப் பொழுதோட முதல் முறையாக மாமியார் மேலே வந்தார். தலைக்குக் குளித்திருந்தார், ஈரத் தலை. என் கன்னத்தைத் தடவிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தபோது நான் தைத்த சட்டைகளில் ஒன்று குறைந்தது. ஆஸ்பத்திரியில் தவறியிருக்கும் என்றார் மாமியார். மீதிச் சட்டைகளைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன். அந்த வருசம் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு எங்கள் வீட்டிலிருந்து மாவிளக்குப் போகவில்லை. தீட்டு என்றார்கள். பெற்றுக் கிடந்தவள் நான், அதனால் தீட்டு என்று எடுத்துக்கொண்டேன். மற்ற பங்காளி வீடுகளில் என்ன செய்தார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அந்தக் காலத்தில் எனக்குக் குளிக்கக்கூடத் தோன்றியதில்லை.

ஒரு வருசம் ஓடிவிட்டது. மறுபடியும் பங்குனி, மறுபடியும் நோம்பி. புதன்கிழமை மாவிளக்கு. செவ்வாய்க்கிழமை காலையில் அரிசி இடிக்க ஓரகத்தி வீட்டுக்குப் போனேன். ஓரகத்தி என்றால் என் வீட்டுக்காரருடைய பெரியப்பா மகன் பெண்சாதி. என்னைவிடச் சின்னவள். கலகலவென்று பேசுவாள், மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது. அவளுக்கு மூன்று வயதில் ஒரு பையன். அவனுக்குப் பிறகு ஒன்று செத்துப் பிறந்தது. இரண்டு பேரும் உரலுக்கு இரண்டு பக்கமும் நின்று இடித்துக்கொண்டிருந்தோம். மாவு மேலே பறந்து அவள் புருவமெல்லாம் வெள்ளையாகிக் கிடந்தது. அதைப் பார்த்து நான் சிரித்தேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தேன்.

"இந்த வருசமாச்சும் பையனுக்கு மொட்டையடிச்சுக் காது குத்திப்போடோணுங்கக்கா" என்றாள். "போன வருசம் கெடா வாங்கிக் கட்டி, ஒறம்பரை சனத்துக்கெல்லாம் சொல்லி, எல்லாம் வீணாப் போச்சு. மாவிளக்குக்கு ஊறப்போட்ட அரிசியக்கூட மாட்டுக்குக் கொட்டிப்போட்டோம்."

"ஏன்? நீங்க எதுக்கு நிறுத்துனீங்க?"

"என்னுங்கக்கா இப்புடிக் கேக்கறீங்க? உங்க ஊட்டுத் தீட்டுத்தான். செவ்வாக்கெழமை பொழுதோட சேதி வந்துச்சு. பங்காளியூடு பூராத்துக்கும் தீட்டாச்சேங்க."

"செத்துப் பொறந்ததுக்குப் பங்காளிக்கு ஏது தீட்டு?"

உலக்கையை நிறுத்திவிட்டேன். அவள் நிறுத்தவில்லை. இடித்துக்கொண்டே சொன்னாள்.

"அதேதானுங்க நானுஞ் சொன்னேன். எனக்குச் செத்துப் பொறந்தப்ப ஆரு தீட்டுக் காத்தாங்க? நான் ஆஸ்பத்திரியில கெடக்கறேன், இங்க நோம்பி நடக்குது, கறிச்சோறு திங்கறாங்க. உங்க அத்தைகிட்டயே கேட்டுப்போட்டேன். அவங்கதான் சொன்னாங்க, உங்களுது அழுதுபோட்டுப் போனது, ரெண்டு நாள் மூச்சு இருந்துச்சு, அதுக்குத் தீட்டு உண்டுன்னு."

எங்கள் வகையறாவில் அந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். வயிற்றிலேயே இறந்து பிறந்தால் பெற்றவளோடு சரி. பிறந்து ஒரு சத்தம் அழுதுவிட்டால் அது ஆள். அது செத்தால் சாவு. சாவுத் தீட்டு எல்லாப் பங்காளி வீட்டுக்கும் போகும். தீட்டோடு மாவிளக்கு ஏற்றினால் அம்மன் பொறுக்க மாட்டாள், ஊரில் அம்மை இறங்கும் என்று பயம். மாமியாருக்கு அந்தப் பயம் எலும்பு வரைக்கும் உண்டு. நோம்பி முடியட்டும் என்று இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் கெடா வெட்டும் நடந்திருக்கும், எனக்கும் கடைசி வரைக்கும் தெரிந்திருக்காது. அவரால் முடியவில்லை. பங்காளி வீடுகளுக்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொல்லி அனுப்பிவிட்டார். கூடவே, அவகிட்ட யாரும் பேச்சு எடுக்காதீங்க, புத்தி பேதலிச்சுப் போயிரும் என்றும் சொல்லியிருக்கிறார். ஒரு வருசம் ஆகிவிட்டது, எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்து இவள் பேசிவிட்டாள்.

சாமியிடம் பொய் சொல்லப் பயந்தார்கள். என்னிடம் சொல்லப் பயப்படவில்லை. அந்த உரலுக்கு முன்னால் நின்றபோது எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, அவமானம். ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. மாட்டுக்கு அரிசி கொட்டியவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. ஒரு வருசமாக எனக்கு எதிரே வந்த ஒவ்வொரு பொம்பளைக்கும் தெரிந்திருக்கிறது. நான் மட்டும் பைத்தியக்காரி மாதிரி, "வயித்துலயே போயிருச்சுங்க" என்று அவர்களுக்கே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அக்கா, ஏனுங்கக்கா, மூஞ்சி ஒரு மாதிரி போச்சு?" என்று அவள் பதறினாள். "ஒண்ணுமில்லை, நீ இடி" என்று சொல்லிவிட்டு மாவுக் கையோடு வீட்டுக்கு நடந்தேன்.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே கேட்டேன்.

"என் பையன் அழுதானா?"

அவர் கை இலையில் அப்படியே நின்றது. மாமியார்தான் பேசினார். மறைக்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும், கேட்ட பிறகு மறைக்கவில்லை.

"அழுதான் கண்ணு."

"ஆப்ரேசன் பண்ணலாம்னு சொன்னாங்களா?"

"பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறீங்களான்னு கேட்டாங்க. முதுகெல்லாம் பொளந்து கெடந்துச்சு. தலை இவ்வளவு பெரிசு. நீ பார்த்திருந்தா மயங்கி உழுந்திருப்பே. இதை வளர்த்து என்ன பண்றது, நாமெல்லாம் போன பொறகு ஆரு பார்ப்பாங்கன்னு..."

"அப்பப் பாவம்னு சொன்னீங்களே அத்தை! கலைக்கறது பாவம், வவுத்துல இருக்கறதும் உசுருன்னு நீங்கதானே சொன்னீங்க! பூப் போட்டுப் பார்த்தீங்களே!"

மாமியார் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் கள்ளம் இல்லை. உண்மையாகவே அவருக்கு என் கேள்வி புரியவில்லை.

"கலைச்சிருந்தா நாம செஞ்ச பாவம் கண்ணு. இதுல நாம என்னத்தச் செஞ்சோம்? மருந்து குடுத்தமா, மாத்தரை குடுத்தமா? ஒண்ணுமே செய்யலியே. அதுவாப் போச்சு."

"பால் குடுக்கலீங்களே அத்தை."

"குடுத்திருந்தா இருந்திருக்கும் கண்ணு" என்றார்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "தூக்கிட்டுப் போறேன்னு சொன்னீங்களே" என்றேன். அவர் இலையைப் பார்த்தபடியே, "உனக்காகத்தான். நீ தாங்க மாட்டேன்னுதான்" என்றார். அந்த ஆளோடு ஒரு வருசம் படுத்து எழுந்திருக்கிறேன். பிள்ளை போன துக்கத்தில் அவர் இளைத்துவிட்டார் என்று முட்டை அவித்துக் கொடுத்திருக்கிறேன்.

ஒரு சேலையை மாற்றிக்கொண்டு கோயமுத்தூர் போய் கோபி பஸ் ஏறிவிட்டேன். யாரும் தடுக்கவில்லை. வழியெல்லாம் ஒரே யோசனை. நானே கலைக்கச் சொன்னவள்தானே, இப்போது எந்த வாயால் கேட்கிறேன்? இந்தக் கேள்வியைப் பின்னாளில் மற்றவர்களும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், அன்றைக்கு முதலில் கேட்டது நானேதான். ஐந்தாம் மாதம் நான் எடுத்த முடிவுக்கு இன்றைக்கும் நான் வெட்கப்படவில்லை. என்ன நடக்கும் என்று தெரிந்து, என் உடம்பில், என் வாயால் சொன்னது அது. அதை வேண்டாம் என்று தடுத்து, அவனை என் பிள்ளையாக்கி, சட்டை தைக்க வைத்தவர்கள் இவர்கள். உள்ளே இருந்தவரை அவன் உயிர், சாமி கொடுத்தது. வெளியே வந்து அழுத பிறகு அவனுக்கு ஒரு சங்குப் பால் கிடையாது. செத்த பிறகு மறுபடியும் ஆள், பங்காளிகள் எல்லாம் தீட்டுக் காக்கிற அளவுக்குப் பெரிய ஆள். நடுவில் இருந்த இரண்டு நாள்தான் அவனை யாரும் கணக்கில் வைக்கவில்லை.

என்னிடம் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்றும் யோசித்தேன். அவன் முதுகைப் பார்த்துவிட்டு நானே, ஆபரேஷன் வேண்டாம், இந்தக் குழந்தையைக் கத்தியால் கிழிக்காதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. அப்படியே சொல்லியிருந்தாலும் மடியில் வைத்துக்கொண்டு, பால் கொடுத்துக்கொண்டு சொல்லியிருப்பேன். ஒருவேளை அவர் சொன்னது உண்மைதானோ, எனக்காகத்தான் மறைத்தாரோ, என்னால் தாங்க முடியாது என்று பயந்தாரோ? புளியம்பட்டி தாண்டும்போது மனசு அந்தப் பக்கம்கூடக் கொஞ்சம் சாய்ந்தது. அவரை நம்பிப் பழகிவிட்ட மனசு.

இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர்ந்தேன். அம்மா வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டாள். நான் உள்ளே போகவில்லை. வாசலிலேயே கேட்டேன்.

"அம்மா, எனக்குப் பூ வச்சுக் கட்டுனியே, அப்ப அவன் இருந்தானா?"

அம்மா வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இருந்தான் கண்ணு."

"எங்க?"

"உனக்கு நேர் கீழ ரூமுல. உங்க அத்தைதான் மடிய உட்டு எறக்காம வச்சிருந்தாங்க. சக்கரைத் தண்ணியப் பஞ்சுல தொட்டு வாயில வச்சாங்க. நீ தெச்ச சட்டையத்தான் போட்டிருந்தான். மொத நாளு நல்லா அழுதான். அப்புறம் சத்தம் கம்மியாயிருச்சு."

என் பால் மல்லிகைப்பூவில் வற்றிக்கொண்டிருந்தது, என் பிள்ளை நேர் கீழே சர்க்கரைத் தண்ணீர் சப்பிக்கொண்டிருந்தான். நடுவில் ஒரு தளம்தான். கட்டியவளுக்கு அது தெரியும். நான் அவளைத் தேற்றியிருக்கிறேன்!

"நீ என்னைப் பெத்தவதானே?" என்று கத்தினேன். "நீயுமா?"

அம்மா பதிலுக்குக் கத்தவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு மனசு கேக்கலை கண்ணு. மாப்பிள்ளைகிட்டச் சொன்னேன். ஒருக்கா மேல தூக்கிட்டுப் போயி அவகிட்டக் காட்டிப்போட்டாச்சும் கொண்டு வந்துரலாமுங்கன்னு கெஞ்சுனேன். அவருதான் முடியாதுன்னுட்டாரு. 'வேண்டாங்க அத்தை, அவ பார்த்தா உட மாட்டா'ன்னாரு."

உட மாட்டா. பஸ்ஸில் வரும்போது எனக்கே தெரியாமல் இருந்த பதில் அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் தாங்க மாட்டேன் என்று அவர் பயப்படவில்லை. தாங்கிக்கொள்வேன் என்று பயந்திருக்கிறார். அவனைப் பார்த்தால் அள்ளிக்கொள்வேன், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நிற்பேன், விடமாட்டேன் என்று என்னைக் கட்டியவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் கேட்கவில்லை.

அம்மா வீட்டில் நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. விடிந்ததும் முதல் பஸ்ஸில் திரும்பிவிட்டேன். அம்மா வீடும் எனக்கு இல்லை என்று ஆன பிறகு வேறு எங்கே போவது? பெரியநாயக்கன்பாளையத்தில் மேளச் சத்தம் மெயின் ரோடு வரைக்கும் கேட்டது. வீட்டில் மாமியார் மாவுருண்டை பிடித்து, குழி வைத்து, நெய் ஊற்றி, திரி போட்டுத் தயாராக வைத்திருந்தார். மாவிளக்கை மருமகள்தான் கோயிலுக்கு எடுத்துப் போக வேண்டும். அவர் சலவை வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். நான் வந்ததைப் பார்த்ததும் இரண்டு பேர் முகத்திலும் ஒரு தெளிச்சி.

"வா கண்ணு. வெரசாத் தலைக்குத் தண்ணி வாத்துப்போட்டு வா. எல்லாரும் பொறப்பட்டாச்சு" என்றார் மாமியார்.

"எனக்குத் தீட்டுங்க அத்தை" என்றேன்.

"அதுக்கு இன்னும் நாளிருக்கே கண்ணு."

"அந்தத் தீட்டு இல்லீங்க. சாவுத் தீட்டு. எம் பையன் போயிட்டானுங்க. எனக்கு நேத்துத்தான் சேதி வந்துச்சு."

மாமியார் கை தட்டத்தின் விளிம்பிலேயே நின்றுவிட்டது. சாமி விஷயத்தில் அவரால் பொய் சொல்லவும் முடியாது, தீட்டுக்காரியை எடுத்துப் போகச் சொல்லவும் முடியாது. என் வீட்டுக்காரர் சலவை வேட்டியை மாற்றி, மடிக்காமல் கொடியில் போட்டுவிட்டுப் பட்டறைப் பக்கம் போனார். நோம்பி அன்றைக்கு அங்கே வேலை எதுவும் இல்லை.

நான் பெட்டிக்கு அடியிலிருந்து அந்தச் சட்டைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நடுவீட்டில் உட்கார்ந்தேன். மேளம் எங்கள் தெருவுக்குள் வந்தது. ஓரகத்தி தன் தட்டத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டு விளக்கு ஏன் இன்னும் வரவில்லை என்று வாசலில் வந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் பங்காளி வீட்டுப் பொம்பளைகள் எல்லோரும் நின்றார்கள்.

"என்னாச்சுங்கக்கா?" என்றாள்.

"அத்தையைக் கேளு" என்றேன்.